மாம்பழ மிட்டாயும் மாடி வீட்டு நம்பரும்

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரை மணி. அருப்புக்கோட்டையில் என் வீட்டு ஹாலில், தரையில் உட்கார்ந்து, சோபாவின் காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விட்டால் விழுந்துவிடுவேன் என்று பயம். தரையில் உட்கார்ந்திருப்பவள் இதற்கு மேல் எங்கே விழ முடியும்? அந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை.

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நாக்கு அட்டை மாதிரி மேலே ஒட்டிக்கொள்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன் – பதினொன்று முப்பத்திரண்டு. வெகுநேரம் கழித்து மறுபடி பார்க்கிறேன் – பதினொன்று முப்பத்திமூன்று!

அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

வழக்கமாக இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் ரிட்டயர்டு டீச்சர். கணவர் போய் மூன்று வருடம். ஒரே மகன், அமெரிக்காவில். ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கு இடது விலாவைச் சுற்றி அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை. ரவிக்கைத் துணி உரசினாலே தீப்பட்ட மாதிரி எரியும். நரம்பு வலி, சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும் என்றார்கள்.

ஒரு தடவை போனில் தாங்கமுடியாமல் மகனிடம் அழுதுவிட்டேன். விருதுநகருக்கு லீவில் வந்த அவன் நண்பரிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினான். "வலிக்கு நல்லதும்மா. ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கும். இங்க கடையிலயே விக்கிறாங்க. எப்படிச் சாப்பிடணும்னு வாய்ஸ் மெசேஜ் போடுறேன்."

அன்று காலை ஒன்பதரைக்கு ஒன்று சாப்பிட்டேன். மேலே சர்க்கரை தூவிய மாம்பழ மிட்டாய். பத்தேகால் வரை பார்த்தேன். எரிச்சல் அப்படியே இருந்தது. சரி, டோஸ் போதவில்லை போல... இன்னொன்று சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், ருசியாகவும் இருந்தது.

அதன் பிறகுதான் சோபாவின் கால்.

மகனுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு. அடித்து அடங்கியது. திரும்பவும் போட்டேன். அடங்கியது.

வேறு யாரைக் கூப்பிடுவது? போனில் நூற்றுக்கணக்கான பெயர்கள். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவள் நான். தங்கை கோயம்புத்தூரில். கூட வேலை பார்த்தவர்கள் மதுரையில். இறந்துபோன இரண்டு பேரின் நம்பரைக்கூட அழிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடியவர் என்று ஒருவர்? நெளியும் எழுத்துகளைத் தள்ளிக்கொண்டே போனேன். 'ம' வரிசையில் ஒன்று வந்தது – 'மாடி'.

மாடியில் குடியிருக்கும் பெண். நூல் மில்லில் வேலை. மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட். வந்து எட்டு மாதமாகிறது. புரோக்கர் மூலமாக வந்தவள். அவள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். குழம்பு தாளிக்கும் வாசம் தெரியும். பெயர் கேட்டதில்லை.

"டீச்சரா? மோட்டார் போடணுமா?"

எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சு அதுதான்.

"ஏம்மா... எனக்கு என்னமோ பண்ணுது..."

படிகளில் தடதடவென்று சத்தம். வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள், நெற்றியைத் துடைத்தாள். "என்ன சாப்ட்டீக?" பாட்டிலைக் காட்டினேன். அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "டாக்டரு மொதல்ல இதத்தான் கேப்பாக."

ஆட்டோவில் என் கையை விடவே இல்லை. "பயப்படாதீக. நான் இருக்கேன்ல."

"ஒம் பேரு என்னம்மா?"

"செல்வராணி." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன், தெரியாதா?"

அந்த மயக்கத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். பிபி பார்த்தார். ஈசிஜி எடுத்தார். பாட்டிலின் பொடி எழுத்துகளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இது கஞ்சா."

"ஆத்தாடி!" என்றாள் செல்வராணி. "டீச்சருக்கா?"

நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முப்பது வருடம் தாவரவியல் நடத்திய நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

நாலு மணி வரை படுக்க வைத்தார்கள். படபடப்பு மெல்லத் தணிந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"இந்தச் செடியில முக்கியமா ரெண்டு சரக்கும்மா. டிஹெச்சினு ஒண்ணு – போதை கொடுக்கிறது அதுதான். சிபிடினு இன்னொண்ணு – அதுல போதை இல்ல. வெளிநாட்டுல ரெண்டையும் பல விதமா பண்ணி விக்கிறாங்க. நாக்குக்கு அடியில விடுற சொட்டு எண்ணெய் இருக்கு, அது கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்யும். தடவுற களிம்பு பெரும்பாலும் தோலோட நின்னுரும். நீங்க சாப்பிட்டது வயித்துக்குப் போய், ஈரலுக்குப் போய், அப்புறந்தான் தலைக்கு ஏறும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்கூட ஆகும். ஒண்ணும் செய்யலையேன்னு எல்லாரும் ரெண்டாவது போடுறது இதுலதான்."

"நம்ம ஊர்ல கெடைக்காதா?" இதைக் கேட்டவள் நான் இல்லை, செல்வராணி.

"இலையில இருந்து எடுத்த எண்ணெய், மாத்திரையெல்லாம் ஆயுர்வேத டாக்டர்கள் சிலர் சீட்டு எழுதித் தர்றாங்க. லைசென்ஸ் உள்ளதான்னு பார்த்துத்தான் வாங்கணும். ஏற்கெனவே சாப்பிடுற பிபி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லணும். உங்க வலிக்கு இது கேக்கும்னும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்த மிட்டாயை இந்தியாவுக்குக் கொண்டு வந்ததே குத்தம். கொண்டு வந்தவர் ஏர்போர்ட்ல மாட்டியிருந்தா?"

அதைக் கேட்டதும் தணிந்த படபடப்பு திரும்ப வந்தது. பாட்டிலை அழித்துவிடச் சொல்லி அங்கேயே கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்கே, "ஷிப்டுக்கு நேரமாச்சே, நீ கெளம்பும்மா" என்று செல்வராணியிடம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ஒரு நாளு போகலேன்னா மில்லு நின்னுறவா போகுது?" என்று ஸ்டூலை இன்னும் அருகே இழுத்துப் போட்டாள். அவளுடைய புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறவர், மாதம் ஒரு தடவைதான் வருவாராம். சொந்த ஊர் பரளச்சிப் பக்கம். இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு.

சாயங்காலம் மகன் பதறிப்போய்க் கூப்பிட்டான். "கால்வாசிதான் சாப்பிடணும்னு சொன்னேனேம்மா! அதுல என்ன இருக்குன்னும் சொன்னேன். மெசேஜைக் கேக்கலையா?"

கேட்கவில்லை.

அவனுக்கு வேலை அதிகம். அதனால் வாய்ஸ் மெசேஜ்தான் போடுவான். வந்தவுடனே நான் கேட்கமாட்டேன். கேட்டுவிட்டால் தீர்ந்துபோகுமே? ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்திருந்து, சாயங்காலக் காபியோடு கேட்பேன். அந்த நாலு நிமிட மெசேஜ் வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தது.

"மறந்துட்டேன்ப்பா" என்றேன்.

இதைப் படித்தால் உண்மையைத் தெரிந்துகொள்வான். படிக்கமாட்டான். இவ்வளவு நீளமாகத் தமிழ் படிக்க அவனுக்குப் பொறுமை கிடையாது.

பிறகு மதுரையில் வலிக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நரம்பு வலிக்கு ஒரு மாத்திரை, ஒரு களிம்பு. இப்போது பாதி குறைந்திருக்கிறது. சொட்டு எண்ணெயைப் பற்றியும் கேட்டேன். "இது கேக்கலேன்னா அப்புறம் யோசிப்போம். எந்த மருந்தானாலும் மொதத் தடவை சாப்பிடும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும்" என்றார்.

சீட்டில் அந்த ஆளையும் எழுதிக் கொடுத்திருக்கலாம்... எந்தக் கடையில் வாங்குவது?

செல்வராணி இப்போது வேலைக்குப் போகும்போது ஜன்னலோரம் ஒரு நிமிடம் நிற்கிறாள்.

"இருக்கீகளா டீச்சர்?"

"இருக்கேம்மா."

"சரி, வாரேன்."

அவ்வளவுதான். மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் பன்னிரண்டரை மணிக்கே தலைவாரி, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வார லீவு, ஊருக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமைகள்தான் கொஞ்சம் நீளம்.