ரெண்டு விழுந்துட்டு

எனக்கு டி.வி.யோடு சண்டை போடும் பழக்கம் உண்டு. செய்தி வாசிப்பவர் ஒன்று சொல்வார், நான் அடுப்படியிலிருந்து பதில் சொல்வேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவைதான் இலஞ்சிக்கு வருவார். மகள் கோச்சிங், ஓட்டப் பயிற்சி என்று பாதி நாள் தென்காசியில் கிடப்பாள். வீட்டில் வாய் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எனக்குத் தீனி அதிகம். அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை. குறைந்தாலும் எதையாவது சொல்லித் தடை. தடையை நீக்கினால் சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி. மறுநாள் மறுபடியும் தடை. இதை ஒரு பெண் குடையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் உலகத்துக்கே தெரியவந்தது போல மூச்சு வாங்கச் சொல்வாள். "ஏளா, வேற சோலி இருந்தா பாரு" என்பேன் நான்.

இந்த வருஷம் புதிதாக ஒன்று வந்தது. அருவிகளின் நீர்வரத்து பற்றி அதிகாரபூர்வமாக வரும் அறிவிப்பைத் தவிர வேறு தகவல்களைப் பரப்பினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்கள். அதைக் கேட்டுச் சிரித்தேன். மழை பெய்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல இனி மனு கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று டி.வி.யைப் பார்த்துச் சொன்னேன். சொன்னதோடு மறந்தும் போனேன்.

சாரல் பிடித்த மூன்றாவது நாள் என்று நினைக்கிறேன். மகளுக்கு ரம்புட்டான் பழம் என்றால் உயிர். வாங்கி வரலாம் என்று காலையில் ஐந்தருவிக் கடைப்பக்கம் போனேன். ஐந்து கிளையில் இரண்டில் தண்ணீர் வந்திருந்தது. சென்னையில் இருக்கும் என் தங்கை, அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நாலைந்து குடும்பமாக வேன் பிடித்து வருவதாக இருந்தாள். தண்ணீர் வந்ததும் சொல்லு என்று ஒரு வாரமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். டைப் அடிக்கக் கண் தெரியவில்லை. போனை வாய்ப்பக்கம் வைத்துப் பேசி அனுப்பினேன்.

"ஏட்டி, ஐந்தருவில ரெண்டு விழுந்துட்டு. மூணு இன்னும் விழல. மத்தியானத்துக்குள்ள அதும் விழுந்துரும், நீ வேணா பாரு. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க."

எங்கள் பக்கத்தில் அருவி விழும். அப்படித்தான் சொல்லுவோம். விழுதா, எத்தனை விழுது, நல்லா விழுதா என்று கேட்காமல் சீசனில் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. விழுந்துவிட்டது என்பதை விழுந்துட்டு என்போம். இதில் ஒளிவு மறைவு என்ன இருக்கிறது?

தங்கை அதை அப்படியே அவர்கள் அடுக்குமாடி குரூப்பில் போட்டிருக்கிறாள். அங்கே இருந்த யாரோ ஒருவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. குற்றாலத்தில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள், இன்னும் மூன்று பேர் விழப்போகிறார்கள், உள்ளூர்ப் பெண்ணே பேசுகிறார், யாரும் போகாதீர்கள் என்று மேலே எழுதி இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்ன வரியை எந்தப் புண்ணியவானோ வெட்டிவிட்டான்.

மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். டி.வி.யில் சிவப்புப் பட்டை ஓடியது. ஐந்தருவியில் விழுந்த இருவர், மூவரின் கதி என்ன? காலையில்தானே அங்கே நின்றேன், யார் பெற்ற பிள்ளைகளோ என்று கரண்டியோடு வந்து நின்றேன். சமூக வலைத்தளங்களில் பரவும் அதிர்ச்சி ஆடியோ என்றார் செய்தி வாசிப்பவர். அப்புறம் டி.வி.யிலிருந்து என் குரல் வந்தது.

இத்தனை வருஷம் நான் அதோடு பேசியிருக்கிறேன். அது என் குரலில் எனக்குப் பதில் சொல்லும் என்று நினைத்ததில்லை. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வரச்சொல்லி மகளுக்குத்தான் போன் வந்தது, எனக்கு இல்லை. சிம் அவள் பேரில் இருக்கிறது. எனக்கு சிம் வாங்கப் போன அன்று, நான்கு தடவை அழுத்தியும் கடையில் ரேகை எடுக்கிற பெட்டியில் என் விரல் பதியவில்லை. பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல். இருக்கட்டும்மா என்று மகள் தன் விரலை வைத்தாள்.

அவள் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். எழுத்துத் தேர்வு தாண்டி, ஓட்டம் தாண்டி, மூன்றாவது முயற்சியில் பேர் வந்திருந்தது. அவள் பேரில் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. அந்த விசாரணைக்கு ஆள் எப்போது வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்த வாரம் அது. இனி அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டியதே இல்லை, நாங்களே நேரில் போய் நிற்கிறோம் என்று நினைத்தபோது ஸ்கூட்டரின் பின்சீட்டில் மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கணவருக்குச் சொல்லவில்லை. சொல்லி என்ன, அவர் எல்லையில் நிற்கிறார்.

"எம்மா, நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிடுதேன்" என்றாள் மகள், ஸ்டேஷன் வாசலில்.

உள்ளே இருந்த பெண் அதிகாரி வேறு மாவட்டத்துக்காரர். வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதையே என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆடியோவைப் போட்டார்.

"இது யார் வாய்ஸ்?"

மகள் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "என் குரல்தான் மேடம். தண்ணியத்தான் சொன்னேன். அருவி விழுதுன்னுதான் நாங்க சொல்லுவோம். மனுசன் விழுந்தா விழுந்துட்டான்னு சொல்லுவோம், தண்ணிக்குத்தான் விழுந்துட்டு."

அவர் ஆடியோவை மறுபடியும் ஓடவிட்டார். "பொணமும் அஃறிணைதானேம்மா?" என்றார்.

பக்கத்து மேஜையில் இருந்த போலீஸ்காரர் உள்ளூர்க்காரர், போனில் யாரிடமோ பேசிய பேச்சிலேயே தெரிந்தது. எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அன்று காலையில் அவரும் யாரிடமாவது ரெண்டு விழுந்துட்டு என்று சொல்லியிருப்பார். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அந்த அறையில் எனக்கு மிகவும் பயமாக இருந்தது அந்த மனிதரைப் பார்த்துத்தான். தெரியாதவருக்கு விளக்கலாம், தெரிந்தவர் குனிந்துகொண்டால் என்ன செய்வது?

ஒரு தாளை நீட்டினார்கள். உண்மைக்குப் புறம்பான தகவலைப் பரப்பியதை ஒப்புக்கொள்கிறேன், இனி அருவிகள் குறித்து எவருக்கும் எந்தத் தகவலும் தெரிவிக்க மாட்டேன் என்று டைப் அடித்திருந்தது.

"மேடம், தண்ணி நெசமாவே விழுந்துச்சே" என்றேன். "போயி இப்பவும் பாக்கலாமே."

"அதை நான் போய்ப் பார்க்க முடியாதும்மா. மேலேருந்து கேக்கறாங்க, நடவடிக்கைன்னு ஒண்ணு காட்டணும். நீங்க கையெழுத்துப் போட்டா எச்சரிச்சு அனுப்பினதா முடிச்சுடுவேன். இல்லன்னா சிம் யார் பேர்ல இருக்கோ அவங்க மேலதான் கேஸ் போகும்." மகளைப் பார்த்தார். "செலக்ட் ஆயிருக்கியாமே?"

"ஆமா மேடம்" என்று மகள் எழுந்து விறைப்பாக நின்றாள்.

நான் பேனாவை வாங்கவில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். என் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமா? வீட்டில் டி.வி. முன்னால் நின்று பேசுகிற வாயெல்லாம் எங்கே போனது என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

மகள் பேனாவை எடுத்து என் விரல்களுக்கிடையில் வைத்தாள். "போட்டுரும்மா" என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை. சின்ன வயதில் மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் அவளிடம் நான் பேசுவது போல இருந்தது. போட்டுவிட்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சாரல். இரண்டு பேரும் நனைந்தோம். அவள் வேலை பிழைத்துவிட்டது, அதற்கு சந்தோஷப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இலஞ்சிக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை மெதுவாக்கி, தலையைத் திருப்பாமலே மகள் சொன்னாள்.

"அந்த மேடம் நல்லவங்கம்மா. நல்ல டெக்னிக்கா முடிச்சுட்டாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதி வாங்கிருப்பேன்."

அவள் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்து, சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.