ஜெர்மன் சில்வர் மோதிரம்

பள்ளத்தூர் செந்தாமரைக்கு வயது நாற்பத்திரண்டு. கணவர் மாயக்கண்ணன் நகை செய்வார். கல் பதிப்பது இவள். எந்தக் கல்லை எந்த உலோகத்தில் வைப்பது என்று முடிவு செய்வதும் இவள்தான். அதில் யாராவது மூக்கை நுழைத்தால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாள்.

போன ஆடியில் காரைக்குடியிலிருந்து அஜித் காரில் வந்தான். இன்ஸ்டாகிராமில் ‘கைவேலை வெள்ளி நகை’ விற்கிறவன். உலோகத் தகட்டுக் கட்டு ஒன்றையும் ஒரு பை கற்களையும் எடுத்து வைத்தான்.

“அக்கா, ஜெர்மன் சில்வர். அறுபது மோதிரம் வேணும்.”

“இதுல வெள்ளி எம்புட்டு இருக்கு தம்பி?”

“பேருலயே இருக்கேக்கா.”

“பேருல மட்டுந்தான் இருக்கு. மத்ததெல்லாம் செம்பு, துத்தநாகம், நிக்கல். நிக்கல் சில பேரு தோலுக்கு ஆகாது. நல்ல வெள்ளி வாங்கிட்டு வாங்க, பதிச்சுத் தாரேன்.”

அஜித் சிரித்தான். “எனக்குத் தெரியாதாக்கா? சென்னையில கோர்ஸ் படிச்சிருக்கேன்.”

“எத்தன வருசம்?”

“மூணு நாள்.”

“ஆத்தாடி! அம்புட்டு நாளா?”

உள்ளே மாயக்கண்ணன் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். அன்றே அந்தத் தகட்டில் அவரை ஒரு மோதிரம் செய்யச் சொல்லி, கல் பதித்து, அஜித் கையில் கொடுத்தாள் செந்தாமரை. “பத்து நாளு கழட்டாமப் போட்டிருங்க. அப்புறம் பேசுவோம்.”

ஆறாம் நாளே வந்துவிட்டான். விரல் சிவந்து வீங்கி, மோதிரத்தைச் சுற்றிக் கொப்பளம். மாயக்கண்ணன் மோதிரத்தை வெட்டி எடுக்கும்வரை, மூன்று நாள் படிப்பாளி கண்ணை இறுக மூடிக்கொண்டு முனகினான். அந்த விரலைப் பார்க்கச் செந்தாமரைக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அவன் வாயைத் திறந்ததும் அதுவும் போயிற்று.

“எனக்கு மட்டும் நல்ல வெள்ளியில ஒண்ணு செஞ்சு குடுத்திருங்கக்கா. மத்த அறுபதும் இதுலயே இருக்கட்டும்.”

செந்தாமரை எழுந்துவிட்டாள்.

“உங்க தோலுதான் தோலாக்கும்? வாங்குற பிள்ளைக மேலெல்லாம் என்ன, சாக்கா போத்தியிருக்கு? எடுங்க இதையெல்லாம்!”

அவன் எடுப்பதற்குள் தகட்டுக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கார் சீட்டில் போட்டாள்.

அவன் வேறு எங்கேயோ ஆள் பிடித்து, அறுபதையும் செய்யவைத்து, ‘வெள்ளி’ என்றே விற்றுத் தீர்த்தான். மாயக்கண்ணன்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். “நம்ம விட்டா ஊருல வேற ஆளா இல்ல? ஒரு மாச வேலை போச்சு.”

“போகட்டும். அந்தப் பயலோட பொய்யில நான் கல்லு பதிக்கல” என்றாள் செந்தாமரை. சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை.