இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

இதை எழுதக் கூசியே பல வருடம் போக்கிவிட்டேன். பழி மாரியம்மன் மேல் நிற்பதால் இப்போது எழுதுகிறேன்.

என் மனைவி மண்ணிலுள்ள கிருமிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். சென்னையில் ஆராய்ச்சியோடு பேராசிரியர் வேலை வந்தது. எங்கள் எடப்பாடி பக்கத்துத் தனியார் கல்லூரியும் கூப்பிட்டது. மகளுக்கு இரண்டு வயது என்பதால் அவள் தடுமாறினாள். "அம்மன்கிட்டப் பூக்கேட்டுப் பார்க்கலாம்" என்றேன். அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்து, மகள் எடுப்பதில் வெள்ளைப் பூ இருந்தால் சென்னை, சிவப்பு இருந்தால் உள்ளூர்.

பொட்டலம் மடித்தவன் நான். இரண்டிலும் சிவப்பரளியையே வைத்தேன். தறி ஓட்டுகிறவன் பெண்டாட்டி பின்னால் ஊர் மாறினால் மானம் போய்விடுமாம். த்தூ!

"சாமியே சொல்லிருச்சுங்க" என்று சிவப்பைப் பார்த்ததும் மனைவி கும்பிட்டாள்.

அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சியும் இல்லை, ஒரு எழவும் இல்லை. கோடையானால் மாணவர் சேர்க்க அவளை வீடுவீடாக அனுப்புகிறார்கள். போன வாரம் வெயிலில் வாடி வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"ஏனுங்க, அப்ப இத்தனை வருசமா அம்மனையா நான் வைதுட்டு இருந்தேன்?" என்றாள். 

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். மடித்தது என் கைதான்.