தோற்றவர் தட்டும் முதல் கதவு

தாராவியில் தோல்பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கும் லூர்து மேரிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நம்பித்தான் அந்தச் சின்ன செங்கொடிக் கட்சியின் கிளை அவளை இரண்டு முறை மாநகராட்சித் தேர்தலில் நிறுத்தியது. இரண்டு முறையும் டெபாசிட் போயிற்று. ஆனாலும் குழாயில் தண்ணீர் நின்றால் சந்தே அவள் வீட்டுக்குத்தான் வரும்.

இந்த முறை பெரிய கட்சியோடு கூட்டு என்று பேச்சு எழுந்தது. அந்தக் கட்சியின் வேட்பாளருக்கு மேரி வழிவிட வேண்டும். பதிலுக்கு அவர், தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் புது வீடு கேட்டுப் பேசுவார். கிளைச் செயலாளர் ஜெயினுலாப்தீன் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேரி எகிறினாள்.

"பாய், போன மழையில சந்து முங்குனப்ப அந்தாளு எட்டிப் பாத்தானா? அவனுக்கு ஓட்டுக் கேட்டா, நாளைக்கு நம்மள யாரு நம்புவா?"

"தனியா நின்னு என்னத்தக் கண்டோம் தங்கச்சி? மாடியில இருக்கவங்களுக்காகப் பேச மாநகராட்சிக்குள்ள ஒரு ஆளு வேணாமா?"

கை தூக்கச் சொன்னார்கள். மேரியின் பக்கம் நாலு கைகூடத் தேறவில்லை.

அந்தக் கிளையில் ஒரு வழக்கம். எதிர்த்துப் பேசித் தோற்றவர்தான் முடிவைச் சொல்லி முதல் கதவைத் தட்ட வேண்டும். வெளியே போய்ப் புறணி பேசாமலிருக்க எந்த மகராசனோ கண்டுபிடித்த தண்டனை அது. மேரி, இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரே கதவில் போய்விடும் என்று பயந்தாள்.

அவள் தேர்ந்தெடுத்தது மாடியில் குடியிருக்கும் சீனியம்மாளின் கதவை. கூட வந்த வேட்பாளர் செங்குத்தான இரும்பு ஏணியைப் பார்த்ததும், கீழேயே நின்றுகொண்டு கும்பிட்டார். மேரி மட்டும் ஏறினாள். என்ன பேசுவதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், உள்ளது உள்ளபடி வந்துவிட்டது.

"யக்கா, நான் இந்தாளு வேண்டாம்னுதான் சொன்னேன். தோத்துட்டேன். இருந்தாலும் இவருக்கே ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன்."

சீனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெயிச்சப்புறம் அவரு வரலேன்னா?"

"நான் இழுத்துட்டு வாரேன்."

"அப்ப மொதல்ல இப்ப வரட்டும்." கீழே குனிந்து, "ஏ சாப், ஊப்பர் ஆவ்," என்று இந்தியில் அவரை மேலே வரச் சொன்னாள்.

வெள்ளைச் சட்டையில் துரு அப்ப, அவர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். தகரக்கூரை தலையில் இடித்தது. சீனியம்மாள் மழை ஒழுகும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்கும்வரை குனிந்தே நின்றார். தனியாக நின்றிருந்தால் இந்த மனிதரை இந்த ஏணியில் ஏற்றியிருக்க முடியாது என்று மேரிக்குப் பட்டது. ஆனாலும் கூட்டு சரியா என்பதில் அவள் மனசு மாறவில்லை. ஜெயினுலாப்தீன் பாய்மேல் இருந்த கோபம் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

வேட்பாளர் இறங்கியதும் சீனியம்மாள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"எங்கக்கா கிளம்பிட்டிய?"

"அடுத்த வீட்டுக்கு. ஏளா, நீ தோத்தத நீயே எத்தன வீட்டுல சொல்லுவ? நான் சொல்லுதேன், வா."

மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்கு ஓட்டுக் கேட்டுப் போன இரண்டு தேர்தலிலும் அவளோடு இப்படி யாரும் கிளம்பி வந்ததில்லை.