முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள்

அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று தீர்மானிக்கிற நர்சுக்கு அங்கே 'மோதிர சிஸ்டர்' என்றுதான் பெயர். கையில் அடி என்று யார் வந்தாலும், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்பே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வாள். முழங்கையில் சிராய்ப்போடு வந்தவர்கள் கடுப்பாவார்கள். ஆகட்டுமே. வீங்கிய பிறகு கழற்றுவது என்ன பாடு என்று அவளுக்கல்லவா தெரியும்!

அன்று காலை வந்த சலவைக்கடை அம்மா, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு வீங்கிய பின்னும் மிச்சத் துணியை இஸ்திரி போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதற்குள் விரல்களும் உப்பிவிட்டன. மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. அதை வெட்டும் கருவியை சிஸ்டர் எடுத்ததும் அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"வெட்டிடாதீங்க சிஸ்டர். என் வீட்டுக்காரர் போட்டு விட்டது. அவர் போனப்புறமும் நான் கழட்டினதே இல்ல."

விரலில் ரத்தம் ஓடுகிறதா என்று சிஸ்டர் அவள் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பியது, மெதுவாகத்தான். நிறம் திரும்பாமல் போனால் வெட்டியே தீருவேன், விரல்தான் முக்கியம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதுவரை நூல் போட்டுக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், பின்னால் வரிசை நிற்கிறது. வரிசையில் அடுத்ததாக நின்று, வந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த தச்சரைத் தயங்கிப் பார்த்தாள். அவருடையது ஆழமில்லாத கீறல் என்று முன்பே பார்த்தாயிற்று. அவர் துண்டு சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க பாருங்க சிஸ்டர். என் கை எங்கயும் ஓடிடாது."

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தாள். மறுபக்கத்தை மூட்டு தாண்டும்வரை விரலில் நெருக்கிச் சுற்றினாள். அடிநுனியைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் இம்மி இம்மியாக நகர்ந்தது. அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முழுசாகக் கழன்று வந்தது.

எக்ஸ்ரேவுக்குப் போகுமுன் அந்த அம்மா அதை வாங்கி, அடிபடாத இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒற்றைக் கையால் போட்டுக்கொள்ள வழியில்லை. இடது கையையே நீட்டினாள்.

"நல்லா இருப்பீங்க சிஸ்டர். அன்னைக்கு அவர் போட்டாரு. இன்னைக்கு நீங்க போட்டு விடுங்க."

இத்தனை வருஷமும் கழற்றியே பழகிய கை சிஸ்டருடையது. போட்டு விடுவது இதுதான் முதல் தடவை.