சித்தி பார்த்த கிரகணம்

விண்வெளி ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, அது சோறு போடுமா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சித்தியை அடைத்து வைத்த அந்த மதியம்தான் ஞாபகத்துக்கு வரும்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. நான் நான்காம் வகுப்பு. சித்தி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அன்று சூரிய கிரகணம். அதன் நிழல் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று அவளைக் கடைசி அறைக்குள் விட்டு, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டுப் பூட்டினார் சித்தப்பா. ராக்கெட் கிளம்பினால் டிவி முன்னால் நின்று கைதட்டுகிற அதே சித்தப்பா! சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, உடம்பைச் சொறிந்துகொள்ளக்கூடக் கூடாது. துணைக்கு என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

தகரக் கூரை. உப்புக்காற்று எங்கள் ஊரில் எந்தத் தகரத்தை விட்டுவைத்தது? அரித்துப் பொத்துப்போன சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் வட்ட வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், மேலே நிலா சூரியனை மறைக்க மறைக்க, அந்த வட்டங்களும் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பித்தன. கடைசியில் தரை, பாய், சித்தியின் வயிறு எல்லாம் பிறைகள். ஜன்னலை மூடி இருட்டாக்கியிருந்ததால் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"இங்க பாருடி, குட்டி குட்டி நிலா!" நாக்கு வறண்டு கிடந்த சித்தி சிரித்தாள். வயிற்றில் விழுந்த பிறையைத் தொட்டு, "உள்ள இருக்கிறதும் பாக்குது போல" என்றாள்.

சிரிப்பு வெளியே கேட்டுவிட்டது. "இன்னாடி சிரிப்பு அங்க?" என்று கதவைத் திறந்த சித்தப்பா, தரையைப் பார்த்துப் பதறிப்போனார். "கண்ண மூடு! பாத்துட்டியா? சொல்லு, பாத்துட்டியா?" என்று கத்திவிட்டு, கூரைமேல் ஏறி உப்புச் சாக்குகளைப் போட்டு மூடினார்.

தம்பி பிளந்த உதட்டோடு பிறந்தான். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே உண்டாகிவிடும் குறை அது. நிறைமாதத்தில் எந்தக் கிரகணமும் வந்து உதட்டைக் கிழிக்காது. இதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "சும்மா கெடந்தாளா, பாத்துத் தொலைச்சா" என்றார்கள். நிலா குறுக்கே வந்து சூரியனை மறைத்ததற்கு ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கினார்கள். சூரியனே தன் படத்தைத் தரையில் போட்டுக் காட்டியும், சாக்கைப் போட்டு மூடிய வீடு அது. வானத்தைத் தெரிந்துகொள்வது வேலையற்ற வேலை என்கிறவர்கள், அதை என் சித்தியிடம் வந்து சொல்லட்டும்.

ஆஸ்பத்திரியில் தைத்துத் தம்பியின் உதடு சேர்ந்துவிட்டது. ஆனால் அவனுக்குச் சோறு ஊட்டச் சித்தி வாசலுக்கு வரவே மாட்டாள். "வெளிய வா சித்தி, பாப்பாவுக்கு நிலா காட்டலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பேன். அவள் ஜன்னலையும் சேர்த்துச் சாத்துவாள். யார்மேலோ கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பயப்படுகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.