ஐந்து குதிக்கு ஒன்பது கிரிவலம்

நடந்தது எல்லாமே நான் முன்கூட்டியே சொன்னதுதான். அக்கா மகன் கோகுல் பட்டாளத்தில் பாராசூட் பயிற்சிக்குத் தேர்வாவான் என்றேன், ஆனான். பயிற்சி சொன்ன தேதியில் முடியாது என்றேன், முடியவில்லை. கடைசியில் ஒரு கீறல் இல்லாமல் ஐந்து குதியும் முடித்து மார்பில் இறக்கை பேட்ஜ் குத்திக்கொள்வான் என்றேன், குத்திக்கொண்டான். நான் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நிலத்தடித் தண்ணீர் பார்ப்பவன். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. பூமிக்குள் ஐந்நூறு அடியில் ஓடுவதைச் சொல்கிறவனுக்கு வானத்தில் நடப்பதைச் சொல்வது ஒரு பெரிய காரியமில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அக்கா கஸ்தூரி. மகன் விமானத்திலிருந்து குதிக்கப் போகிறான் என்று தெரிந்த அன்றே வேண்டுதல் வைத்துவிட்டாள். அவன் குதிக்கிற ஒவ்வொரு காலையும் திருவண்ணாமலை மலையைச் சுற்றுவது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் கால் தரையில் பட்டது என்று சேதி வரும்வரை தன் கால் நிற்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலில் சின்னக் கீறல் விழுந்தால்கூட ஆற இரண்டு மாதம் ஆகும். தனியாக விட முடியுமா? துணைக்கு நான் போனேன்.

ஐந்து முறை குதித்தால் பயிற்சி முடியும், ஆகவே ஐந்து சுற்று என்று நினைத்தாள். ஆனது ஒன்பது. காரணம், இப்போது பாராசூட் பயிற்சியில் வந்திருக்கும் விதிகள். இறங்கும் மைதானத்தில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். குறித்த அளவுக்கு மேல் அது ஒரு கோடு ஏறினாலும் அன்றைக்குக் குதி கிடையாது. எவ்வளவு பெரிய அதிகாரி நின்றாலும் கருவி சொன்னதுதான். குதிக்காமல் நாள் கடந்துவிட்டால் மேடையிலிருந்து குதிப்பது, உருள்வது என்று தரைப் பயிற்சி மறுபடி முதலிலிருந்து. குதிக்கும் முன் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் பாராசூட் மூட்டை, வார், கொக்கி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எவனுக்காவது சந்தேகம் வந்து கையைத் தூக்கினால் மொத்த வரிசையும் நிற்கும். இந்த விதிகளில் பாதி நான் கோகுலிடம் போனில் சொன்ன யோசனைகள். அவன் மேலிடத்தில் சொல்லியிருப்பான். எந்த ஊர், எந்தப் படை என்று எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான், ஆகவே எழுதவில்லை. விமானம் முப்பதாயிரம் அடியில் பறந்தது. சுமார் ஆயிரத்து இருநூறு அடிதான் என்கிறான் அவன். ராணுவத்தில் உண்மையான உயரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா?

முதல் முறை காற்றினால் குதி தள்ளிப்போனபோது, "விடுக்கா, நடந்தது நடந்துட்ட, இத அடுத்த குதிக்கு வெச்சுக்க" என்றேன்.

"அவன் குதிக்காத நாள்ல நான் நடந்தது வாக்கிங்டா. அது எப்படி வேண்டுதல்ல சேரும்?" என்று கேட்டாள். இப்படியே நான்கு வாக்கிங், நான்கு வேண்டுதல் முடிந்தன. ஒன்பதாவது காலை, ஐந்தாவது குதி. இனி அந்தப் பயணம்.

கீழ்பென்னாத்தூரில் 4.40 டவுன் பஸ். திருவண்ணாமலை 20 கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் 18 ரூபாய், அக்காவுக்குப் பெண்கள் இலவசம். 5.25க்கு பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து ராஜகோபுரம் வரை அன்வர் பாய் ஆட்டோ, 60 ரூபாய். ஒன்பது முறையும் அவர் வண்டிதான். பாய் வேங்கிக்காலில் இருக்கிறார். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து, அந்தக் காலத்து வட்டக் குடை பாராசூட்டில் நிறைய முறை குதித்தவர். இடது முழங்கால் முழுதாக மடங்காது.

கோபுரத்துக்கு எதிரே மூவரும் டீ குடித்தோம், ஒன்று 15 ரூபாய். என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். "காத்து அடிச்சா குதி இல்ல, ஒருத்தன் கை தூக்கினா எல்லாரும் நிக்கணும். இப்படிப் பொத்திப் பொத்தி வளத்தா சண்டையில எவன் பாய் குதிப்பான்?"

"சண்டையில குதிக்கிறதுக்கு மொதல்ல காலு வேணும்ல?" என்றார் பாய். முழங்காலைத் தட்டிக் காட்டினார். "எங்க காலத்துல கருவி இன்னா கருவி. புகை போட்டு, அது சாயுறத கண்ணால பாப்பாங்க. போலாம்னா போணும். அன்னிக்குக் காத்து ஜாஸ்தி. இறங்கினதும் குடை என்னை ஏர் மாதிரி இழுத்துனு போச்சு."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள் அக்கா.

"சொன்னா அன்னிக்கே பொட்டி கட்டணும்மா. கோழைன்னு பேரு. ஒரு தடவ எனக்கு முன்னாடி நின்ன தெலுங்குக்காரன் ஹெல்மெட்டு வாரு தளர்ந்து இருந்துச்சு. பாத்தேன். சொன்னா நம்மளதான் பயந்தாங்கொள்ளின்னுவாங்கன்னு வாயத் தொறக்கல. இறங்குறப்ப நாலு பல்லு போச்சு அவனுக்கு. இன்னும் போன் பண்ணித் திட்டுறான்."

"நல்லா திட்டட்டும்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கட்டில்லருந்து விழுந்து ஒரு மாசம் கட்டு போட்டவன். காத்தப் பத்தி நீ பேசாத" என்றாள். அது சாதாரணக் கட்டில் இல்லை, உயரமான கட்டில் என்பதை வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

காலை 5.40க்கு நடையைத் தொடங்கினோம். குதி 6.30க்கு. சுற்று 14 கிலோமீட்டர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், என் காலுக்குப் பதினெட்டு. பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் கூட்டம் இல்லை. செங்கம் ரோட்டில் எமலிங்கம் தாண்டி வலது பக்கம் திரும்பினால் மர நிழல், மயில் சத்தம், நல்ல காற்று. நல்ல காற்று என்று நான் சொன்னதும் அக்கா முறைத்தாள். 8.00 மணிக்கு அடி அண்ணாமலையில் ஒரு கடையில் மோர், 20 ரூபாய். அவள் நின்று குடிக்கவில்லை, டம்ளரோடு கடை வாசலில் போய் வந்துகொண்டே குடித்தாள். கடைக்காரம்மாவுக்கு ஒன்பது முறையில் பழகிவிட்டது. "இன்னும் இறங்கலியா உங்க பையன்?" என்று மட்டும் கேட்டார். அடுத்தது வாயு லிங்கம். காற்றுக்கு அவர்தான் பொறுப்பு என்பதால் ஒவ்வொரு முறையும் அங்கே பத்து ரூபாய்க்குக் கற்பூரம் ஏற்றுவேன். அக்கா நடந்தபடியே கும்பிடுவாள்.

மற்ற எட்டு நாளும் கோகுல் எட்டரைக்குள் கூப்பிட்டுவிட்டான். குதித்தேன் என்றோ, இன்றைக்கு இல்லை என்றோ ஒரு வார்த்தை. அன்றைக்கு எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, போன் இல்லை. குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் எல்லாம் தாண்டி 9.10க்கு மறுபடி ராஜகோபுரம். சுற்று முடிந்தது. அக்கா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நிற்காமல் இரண்டாவது சுற்றுக்குத் திரும்பிவிட்டாள்.

"அக்கா, ஒரு சுத்து ஆயிடுச்சு."

"சேதி வரல இல்ல."

"வெயில் ஏறுது. தார் சுடும்."

"சுடட்டும். அவன் எங்க தொங்கினு இருக்கானோ."

பின்னால் நடந்தபோதுதான் பார்த்தேன். அவள் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அவள் கால் எடுத்த இடத்தில் தாரில் ஈரம் ஒட்டி, அடுத்த நொடி காய்ந்தது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் வலி சரியாகத் தெரியாது, அவளுக்கும் தெரியவில்லை. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நான் நாற்பத்தேழு கிணற்றுக்குத் தண்ணீர் சொன்னவன். இந்த நடை இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எமலிங்கத்துக்கு அருகே போனபோது மணி 9.50. என் போன் அடித்தது. செங்கம் ரோட்டில் பஸ் சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய்ப் பேசினேன். திரும்பி ஓடி வந்து சொன்னேன்.

"குதிச்சிட்டான்க்கா. இறங்கிட்டான்."

அவள் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தாள். "கால் தரையில பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"எந்தக் கால் மொதல்ல?"

"ரெண்டும் ஒண்ணா. அப்படித்தான் இறங்கணுமாம். சேத்து வெச்சு, உருண்டு."

"என்கிட்ட ஏன்டா குடுக்கல?"

"ஆபீசர் பக்கத்துல நிக்கிறாராம். மத்தியானம் பேசுறேன்னான்."

அப்போதுதான் அவள் கால் நின்றது. மெதுவாக ரோட்டோரம் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "தண்ணி குடு" என்றாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன், கையில் திறந்து கொடுத்தது அந்த ஒரு பாட்டில்தான்.

பாயைக் கூப்பிட்டேன். வந்து இருவரையும் வேங்கிக்காலில் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். 120 ரூபாய் ஆகும், வாங்கவில்லை. பாய் வீட்டம்மா அக்காவின் காலைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணி சுற்றி, இட்லி வைத்தார். அக்கா ஐந்து இட்லி சாப்பிட்டாள். மறுநாள் புண்ணைப் பார்த்த டாக்டர், இன்னொரு சுற்று நடந்திருந்தால் குதிகாலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். இப்போது புண் ஆறிவிட்டது, செருப்பு போட்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறாள்.

மத்தியானம் 12.15க்கு கோகுல் அம்மாவிடம் பேசினான். தாமதத்துக்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விமானம் ஏறும் முன் வரிசையில், முன்னால் நின்றவன் முதுகு மூட்டையைக் கட்டியிருந்த நூல் ஓரிடத்தில் அறுந்திருந்ததாம். கோகுல் கை தூக்கினான். வரிசை நின்றது. அந்தக் குடையை எடுத்துவிட்டு வேறு கொடுத்தார்கள். அதோடு விடவில்லை, அதே நாளில் மடித்த குடைகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திருப்பிப் பார்த்தார்கள். பயிற்சி கொடுப்பவர் திட்டுவார் என்று இவன் நினைத்தானாம். அவர் வந்து இவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாராம்.

"அப்ப உன்னாலதான் நான் ரெண்டாவது சுத்து நடந்தேனா?" என்றாள் அக்கா.

"முன்னாடி நின்னவனுக்கும் அம்மா இருக்குதும்மா" என்றான் அவன். அக்கா சிரித்தாள், போனை பாயிடம் கொடுத்தாள். பாய் நூல் அறுந்த கதையை முதலிலிருந்து கேட்டார். கடைசியில், "நல்லா பண்ண தம்பி. நான் அத பண்ணல" என்று மட்டும் சொன்னார். பட்டாள விதிகள் எல்லாம் பயந்தவர்களுக்காக என்று இதே ஃபேஸ்புக் பக்கத்தில் நான் முன்பு எழுதியிருக்கிறேன். அதை நீக்கிவிட்டேன். கை தூக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. விடிவதற்கு முன் தொடங்குங்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் தாரில் வெறுங்காலோடு நடக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது, நான் கேட்டுவிட்டேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருங்கள், வாழைப்பழம் குரங்கு கண்ணில் படக் கூடாது. பஸ், ஆட்டோ, டீ, மோர் எல்லாம் சேர்த்து இருவருக்கு 250 ரூபாய் தாராளம். வேண்டுதல் வைக்கிறவர்கள் எத்தனை சுற்று என்பதை மட்டும் வையுங்கள். எப்போது நிற்பது என்பதை இன்னொருவர் காலோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நடக்காதது. 9.50க்கு எமலிங்கத்தருகே என் போன் அடிக்கவில்லை. அறுந்த நூல், குடைகள் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அவள் குதிகாலைப் பார்த்தேன், போனைக் காதில் வைத்தேன், அவ்வளவுதான். கோகுல் விமானத்திலிருந்து குதித்தது 10.40க்கு. அந்த நேரம் அக்கா பாய் வீட்டு நாற்காலியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேங்கிக்கால் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. கோகுல் கூப்பிட்டபோது மணி 11.35. "மாமா, இறங்கிட்டேன்" என்றான். அம்மாவிடம் நேரம் சொல்லாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு, பாயின் ஆட்டோ பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா இதெல்லாம் படிக்க மாட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் யாராவது அவளைப் பார்த்தால், போன் 9.50க்கு வந்தது.